பவானி ஆற்று மீன்களைத் தேடி வந்த டாக்டர்

தூண்டில் போட்டு மீன் பிடித்திருக்கிறீர்களா?

ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், நடுவில் ஒரு தக்கை. ஈரமான மண்ணைக் கிளறினால் மண்புழு கிடைத்துவிடும். அவ்வளவுதான் செலவு! கரையில் உட்கார்ந்து தக்கையையே பார்த்துக் கொண்டிருப்போம். அது லேசாக ஆடும். நமக்கு நெஞ்சு படபடக்கும். சட்டென்று இழுத்தால், பாதி நேரம் முள்ளில் புழுவும் இருக்காது, மீனும் இருக்காது. அந்த ஏமாற்றத்திலும் ஒரு சந்தோஷம் உண்டு.

திருப்பூர் மாவட்டம் சேவூர், அவிநாசி பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் இதைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். ஆனால், அங்கே ஆறு கிடையாது. மழை பெய்து குளம் நிரம்பினால்தான் மீன். குளம் காய்ந்தால், தூண்டில் பரணுக்குப் போய்விடும். பல வருடம் அப்படித்தான் இருந்தது. 2024ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அத்திக்கடவு - அவிநாசி திட்டம் திறக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் பவானி ஆற்றின் உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றி, கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் உள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியாக அனுப்பும் திட்டம் அது. எங்கோ ஓடிய பவானி தண்ணீர், அவிநாசி வட்டாரக் குளங்களுக்கு வந்துவிட்டது.

அந்தப் பவானி ஆற்றில் என்னென்ன மீன்கள் வாழ்கின்றன? ஒவ்வொன்றுக்கும் எத்தனை செதில்? துடுப்பில் எத்தனை முள்? இதையெல்லாம் 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து எண்ணி எழுதி வைத்தார். அவர் மீனவர் அல்ல, ராணுவ டாக்டர். பெயர் பிரான்சிஸ் டே. இந்த வாரம் அவருடைய கதைதான்.

இங்கிலாந்தின் தெற்குப் பகுதியில் சசெக்ஸ் என்று ஒரு மாவட்டம். அங்கே மேர்ஸ்பீல்டு என்ற ஊரில், 1829ம் ஆண்டு மார்ச் 2ம் தேதி பிறந்தார் டே. நிலபுலன் நிறைய உள்ள குடும்பம். வீட்டுக்கு மூன்றாவது மகன்.

அந்த ஊர்ப்பக்கத்து ஆறுகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் ஆற்று மீன்களை இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சால்மன், டிரவுட் இரண்டும் ராஜ மீன்கள். அவற்றைப் பிடிக்கப் பணம் வேண்டும், அனுமதி வேண்டும். பெரும்பாலும் பிரபுக்களின் விளையாட்டு அது. மீதி உள்ள மீன்களுக்கெல்லாம் சேர்த்து சாதாரண மீன் என்ற பொருளில் ஒரு பெயர். அதில் முதலில் வருவது, ரோச். வெள்ளி நிற உடம்பு, சிவப்புத் துடுப்பு, உள்ளங்கை அளவு. மெதுவாக ஓடும் ஆறுகளில் கூட்டம் கூட்டமாக இருக்கும். தொழிற்சாலையில் வேலை செய்பவரும் அவர் பையனும் ஞாயிற்றுக்கிழமை தக்கையும் புழுவுமாகப் போய்ப் பிடிப்பது இந்த மீனைத்தான். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ரோச் மீனும், நம் ஊர்க் கெண்டையும் ஒரே பெரிய குடும்பம்! அந்த ஊர்ப் பையன் தூண்டிலில் மாட்டுவதும், நம் ஊர்ப் பையன் தூண்டிலில் மாட்டுவதும் தூரத்துச் சொந்தக்காரர்கள்தான்.

டே படித்தது ஷ்ரூஸ்பரி என்ற ஊரின் பழைய பள்ளிக்கூடத்தில். பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வினும் அதே பள்ளியில் படித்தவர்தான். பிறகு லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் சேர்ந்து மருத்துவம் படித்தார். 1852ம் ஆண்டு, 23 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் உதவி மருத்துவர் வேலை கிடைத்தது. கப்பல் ஏறிவிட்டார்.

குடகில் உள்ள மெர்க்காரா, பெங்களூரு, ஐதராபாத் என்று ஊர் ஊராக மாற்றல். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சிப்பாய்களை வாட்டிய காலம். டாக்டருக்கே உடம்பு சரியில்லாமல் போனது. 1857ம் ஆண்டு விடுப்பில் ஊருக்குப் போய், எம்மா என்பவரைத் திருமணம் செய்துகொண்டு திரும்பி வந்தார். 1859ல் கொச்சிக்கு மாற்றினார்கள்.

அங்கேதான் அவருக்கு மீன் பைத்தியம் பிடித்தது!

கொச்சியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஊர். விடிந்தால் கரையெல்லாம் மீன். வைத்தியம் பார்த்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் சந்தையிலும் படகுத்துறையிலும்தான். தெரியாத மீன் கண்ணில் பட்டால் வாங்கிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அளப்பது. நீளம் எவ்வளவு, தலை எவ்வளவு, கண் எவ்வளவு? அப்புறம் பக்கவாட்டில் ஓடும் கோட்டில் உள்ள செதில்களை ஒன்று, இரண்டு என எண்ணுவது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு கெண்டைகளில் ஒன்றுக்கு 24 செதிலும் இன்னொன்றுக்கு 40 செதிலும் இருந்தால், அவை வேறு வேறு இனமாக இருக்கலாம் அல்லவா? எண்ணி முடித்ததும் சாராயம் ஊற்றிய ஜாடிக்குள் போட்டு மூடிவிடுவார். சாராயத்தில் கிடந்தால் அழுகாது. எத்தனை வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம்.

கொச்சி நாட்டைப் பற்றி 1863ல் ஒரு புத்தகமும், மலபார் மீன்களைப் பற்றி 1865ல் ஒரு புத்தகமும் எழுதினார். இரண்டாவது புத்தகத்துக்காக லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து வேலை செய்தபோது ஒருவரிடம் பழக்கம் ஏற்பட்டது. அவர் பெயர் ஆல்பர்ட் குந்தர். உலகத்து மீன்களைப் பற்றி அப்போது மிக அதிகம் அறிந்தவர்களில் ஒருவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

இடையில் ஒரு தோல்விக் கதை. நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டியின் குளிர் பிடித்துவிட்டது. ஓடைகளைப் பார்த்தால் சொந்த ஊர் மாதிரியே இருந்தன. ஆனால் ஒரு குறை. தூண்டில் போட்டால், டிரவுட் வரவில்லை! அதனால் டிரவுட் மீனின் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து ஊட்டியில் பொரிக்க வைக்கலாம் என்று 1860களில் டே கிளம்பினார். அந்த முட்டைக்கு எப்போதும் குளிர்ச்சி வேண்டும். கொஞ்சம் சூடு பட்டாலும் செத்துவிடும். அப்போது சூயஸ் கால்வாய் திறக்கவில்லை. அது 1869ல்தான் திறந்தது. ஃபிரிட்ஜ் என்ற பொருளே கிடையாது. பனிக்கட்டிதான் கதி. கடல் பயணம், அப்புறம் சமவெளி வெயில், அப்புறம் மலை ஏற்றம். முட்டைகள் பிழைக்கவில்லை. இருந்தாலும் அந்த முயற்சியைப் பாராட்டி, பிரான்சு நாட்டுச் சங்கம் ஒன்று அவருக்குப் பதக்கம் கொடுத்தது. நீலகிரியில் டிரவுட் நிலையாகப் பிழைத்தது 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அவலாஞ்சியில் 1907ல் அதற்கென்றே ஒரு பொரிப்பகம் அமைத்தார்கள்.

டிரவுட் வராமல் போனதில் நமக்கு ஒரு லாபம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஊட்டிக்கு வந்த டே, வெளிநாட்டு மீனை விட்டுவிட்டு உள்ளூர் மீன்களைத் திரும்பிப் பார்த்தார். மலை மேல் ஓடைகள். மலை இறங்கினால் பவானி. சேவூரிலிருந்து வடக்கே புளியம்பட்டி தாண்டிப் போனால் இன்று பவானிசாகர் அணை நிற்கிறதே, அந்த ஆறுதான். அப்போது அணை இல்லை. அது 1955ல்தான் கட்டி முடிக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், பாறைக்கும் மணலுக்கும் நடுவே தன்போக்கில் ஓடிய காலம்.

நீலகிரி மலையிலும் அதன் அடிவாரத்து ஆறுகளிலும் உள்ள மீன்களைப் பற்றி, 1867ல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் இதழில் டே ஒரு கட்டுரை எழுதினார். அதில் உலகத்துக்கே புதிய மீன்கள் இருந்தன. மலை ஓடையில் திரியும் விரல் நீள மீன் ஒன்றுக்கு நீலகிரியின் பெயரையே சூட்டினார். பவானியில் கிடைத்த ஒரு பெரிய கெண்டைக்கு அவர் வைத்த பெயரில், டூபியஸ் என்ற லத்தீன் சொல் இருக்கிறது. சந்தேகத்துக்குரியது என்று அர்த்தம்! எந்த வகையில் சேர்ப்பது என்று அவருக்கே குழப்பம் போலும். இன்றைக்கும் அந்த மீனின் அறிவியல் பெயரில் அந்தச் சந்தேகம் அப்படியே ஒட்டிக் கொண்டிருக்கிறது.

பவானி மீன்களை எழுதியவர்களில் டே முதல் ஆள் இல்லை. அவருக்கு முன்பே, 1849ல், ஜெர்டன் என்ற இன்னொரு ராணுவ டாக்டர் தென்னிந்திய ஆற்று மீன்களைப் பற்றி எழுதியிருந்தார். பறவைகளைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். காவிரியிலும் பவானியிலும் கிடைக்கும் சில பெரிய கெண்டைகளுக்கு அறிவியல் பெயர் வைத்தது அவர்தான். டே அந்த வேலையை எடுத்துக் கொண்டு, நாடு முழுக்க ஓடினார்.

ஏன் ஓடினார் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் கொள்ளிடத்தில் உல்லம் என்றொரு மீன் வரும். வங்காளத்தில் ஹில்சா என்று கொண்டாடுகிறார்களே, அதேதான். கடலில் வாழும். முட்டையிட மட்டும் ஆற்று வெள்ளத்தை எதிர்த்து மேலே நீந்தி வரும். 1836ல் ஆங்கிலேய அரசு கொள்ளிடத்தில் அணைகள் கட்டியது. பாசனத்துக்கு நல்லதுதான். ஆனால் மீன் அணையைத் தாண்டி மேலே போக முடியவில்லை. முட்டையிட இடம் இல்லாவிட்டால் குஞ்சு ஏது? அந்த அணைகளைக் கட்டிய ஆர்தர் காட்டனே பின்னாளில் இந்தக் கவலையை அரசிடம் எழுப்பினார். அதைப் போய்ப் பார்க்க அனுப்பப்பட்டவர், நம் டாக்டர்.

ஒரு ஆற்றைப் பார்க்கப் போனவர், இந்தியா, பர்மா முழுவதும் உள்ள ஆறுகளைப் பார்த்துவிட்டார்! 1871ல் அவரை மீன்வளத்துக்கான தலைமை ஆய்வாளர் ஆக்கினார்கள். மாவட்டக் கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். உங்கள் ஊரில் மீன் பிடிப்பவர்கள் எத்தனை பேர்? அதே தொழிலா, வேறு தொழிலும் உண்டா? மீன் முன்பைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வலையின் மிகச் சிறிய கண் எவ்வளவு? குஞ்சு மீன்களைப் பிடிப்பது உண்டா? ஓடையில் விஷம் கலப்பது உண்டா?

பதில்கள் மூட்டை மூட்டையாக வந்தன. வலைக் கண்ணின் அளவை அங்குலத்தில் சொன்னவர்களும் உண்டு. தானிய மணியோடு ஒப்பிட்டுச் சொன்னவர்களும் உண்டு. அவ்வளவு பொடிக் கண்!

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஒரு கெண்டை முட்டையிடும் வயதுக்கு வர வேண்டும் என்றால், முதலில் அது வளர வேண்டும். பொடிக் கண் வலையில் குஞ்சிலேயே மாட்டிவிட்டால், ஒரு தடவைகூட முட்டையிடாமல் செத்துப் போகும். பெரிய கண் வலை என்றால் சின்ன மீன் தப்பித்து ஓடிவிடும். அடுத்த வருடம் அது முட்டையிட்ட பிறகு, தாராளமாகப் பிடித்துக் கொள்ளலாம். கோடையில் ஆறு வற்றி, மீனெல்லாம் மடுக்களில் வந்து ஒதுங்கும். அப்போது கள்ளிப் பாலையோ விஷக் காயையோ கலந்து விட்டால், பெரியது சிறியது எல்லாம் மிதக்கும். பத்துப் பேருக்கு ஒருநாள் குழம்பு. அந்த மடுவில் அப்புறம் மீன் ஏது?

தன் முடிவுகளை 1873ல் பெரிய அறிக்கையாகக் கொடுத்தார் டே. வலைக் கண்ணுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும், விஷம் கலப்பதைத் தடை செய்ய வேண்டும், அணைக்கட்டுகளில் மீன் ஏறிப் போகப் படிப்படியாக ஒரு வழி விட வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. மீன் ஏணி என்று அதைச் சொல்லலாம். தொட்டி தொட்டியாகத் தண்ணீர் விழும். மீன் ஒவ்வொன்றாகத் தாவி மேலே போகும்.

அரசாங்கத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை. சட்டம் போட்டால் ஏழைகளின் சாப்பாட்டில் கை வைத்த மாதிரி ஆகிவிடும் என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வலை வீசுகிறவரின் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டுமே! மீன் குறைந்ததற்கு அவர் மட்டுமா காரணம்? ஆற்றை மறித்து அணை கட்டியது அரசாங்கம்தானே? டே இரண்டு பக்கத்தையும் எழுதினார். ஆனால், அணையைக் குறை சொன்ன பக்கங்களை அதிகாரிகள் சீக்கிரம் புரட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

கொஞ்சம் வேடிக்கையான பக்கத்துக்கு வருவோம்.

விரால் மீன் அடிக்கடி தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எதற்கு? டேக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, விராலை உள்ளே விட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே வலையைக் கட்டிவிட்டார். மீன் நீந்தலாம், ஆனால் மேலே வந்து காற்றைத் தொட முடியாது. என்ன ஆனது தெரியுமா? தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிட்டது! மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவது என்றால் நம்ப முடிகிறதா? விராலின் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைக்கும் ஒரு சிறிய அறை இருக்கிறது. செவுள் மட்டும் அதற்குப் போதாது. குளம் வற்றிச் சேறாகும்போதும் விரால் பல நாள் பிழைத்துக் கிடப்பது இந்தக் காற்றறையால்தான்.

அதேபோல் பனையேறிக் கெண்டை. 1791ல் தரங்கம்பாடியில் டேனிஷ் ராணுவ அதிகாரி டால்டார்ப் என்பவர், பனை மரத்தில் தண்ணீருக்கு மேலே ஐந்து அடி உயரத்தில் ஒரு மீன் தொற்றிக் கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். ஐரோப்பாவில் பலர் நம்பவே இல்லை. டேயின் புத்தகத்தில் அந்த மீனின் தமிழ்ப் பெயர் இருக்கிறது: பனையேறி. நம் ஊர்க்காரர்கள் பெயரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்களே! அது உண்மையில் மரம் ஏறுமா என்பது வேறு விஷயம். ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி ஊர்ந்து போவது மட்டும் நிச்சயம்.

இப்படி ஒவ்வொரு மீனுக்கும் அந்தந்த ஊரில் என்ன பெயர் என்று தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் என்று மொழிவாரியாகக் குறித்தது டேயின் நல்ல பழக்கம். விரால், வாளை, வெண்கெண்டை எல்லாம் ஆங்கில எழுத்தில், கொஞ்சம் கோணல் மாணலாக, அவர் புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்த மீனவர்கள் யார் என்று மட்டும் எங்கும் இல்லை. எனக்கு அதுதான் ஒரு குறை.

வீட்டில் அவருக்கு நிம்மதி இல்லை. 1869ல் எம்மா இறந்துவிட்டார். 1872ல் மறுமணம் செய்தார். அந்த மனைவியும் அடுத்த வருடமே இறந்தார். துக்கத்துக்கு நடுவிலும் எழுதிக்கொண்டே இருந்தார்.

1875ல் தொடங்கி 1878 வரை, நான்கு பகுதிகளாக, இந்தியாவின் மீன்கள் என்ற அவருடைய பெரிய நூல் லண்டனில் வெளிவந்தது. எழுத்து ஒரு தொகுதி, படங்கள் ஒரு தொகுதி. படம் மட்டும் 195 பக்கம்! கேமரா வைத்து எடுத்த படம் இல்லை. ஒவ்வொரு செதிலையும் பார்த்துப் பார்த்து வரைந்து, கல்லில் எழுதி அச்சடித்தவை. இன்றும் மீன் ஆராய்ச்சி செய்பவர்கள் சந்தேகம் வந்தால் அந்தப் படங்களைப் புரட்டுகிறார்கள். 1877ல் ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் குடியேறினார்.

ஓய்வு பெற்றவர் ஓய்ந்தாரா? இல்லை. பிரிட்டன், அயர்லாந்து மீன்களைப் பற்றி 1880 முதல் 1884 வரை ஒரு நூல். அதில் நாம் முதலில் பார்த்த ரோச்சும் உண்டு. பவானிக் கெண்டையை அளந்த கையாலேயே சொந்த ஊர் ரோச்சையும் அளந்துவிட்டார்.

இப்போது குந்தர் விஷயம். இரண்டு பேரும் மீன் மேதைகள். இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஜாஸ்தி. இது புது இனம் என்று ஒருவர் சொல்வார். இல்லை, பழையதுதான் என்று மற்றவர் மறுப்பார். வாக்குவாதம் பல வருடம் நீண்டு, பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது. குந்தர் லண்டன் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவுக்குத் தலைவர் ஆனார். அதனால் டேயின் மீன் ஜாடிகள் எல்லாம் அங்கே போகவில்லை. பெர்லின், வியன்னா, லெய்டன், கல்கத்தா என்று பிரிந்து போயின. ஒரு பெரிய பகுதியை, 1883ல் ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. சண்டையால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். இன்றைக்கு நம் ஊர் ஆற்று மீன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்றாலும், ஆராய்ச்சியாளர் சிட்னிக்குக் கடிதம் எழுத வேண்டி வரலாம்!

1885ல் அரசு அவருக்கு சி.ஐ.இ. பட்டம் கொடுத்தது. 1889ல், இந்திய மீன்களைப் பற்றி அரசு வெளியிட்ட இரண்டு தொகுதி நூலை எழுதி முடித்தார். அதில் 1,400க்கும் அதிகமான இனங்கள் இருக்கின்றன. அதே வருடம் ஜூலை 10ம் தேதி, செல்டன்ஹாமில், புற்றுநோயால் இறந்தார். வயது 60.

அவர் கேட்ட சட்டம்? அவர் இறந்து 8 ஆண்டுகள் கழித்து வந்தது. 1897ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், தண்ணீரில் விஷம் கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிப்பதைக் குற்றம் ஆக்கியது. வலைக் கண்ணின் அளவு போன்றவற்றை அந்தந்த மாகாண அரசு முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆறுகளில் நடந்தது பெரிய கதை. 1934ல் மேட்டூர் அணை வந்தது. காவிரியில் உல்லம் வருவது அநேகமாக நின்றே போனது. நொய்யலில் விஷத்தைக் கள்ளிப் பாலாக யாரும் ஊற்றவில்லை, சாயமாக ஊற்றினார்கள். சிவப்பு, நீலம் என்று ஆறு நிறம் மாறி ஓடியதைத் திருப்பூர்ப் பக்கத்துத் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். சாயக் கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற உத்தரவை மதிக்காததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. வலை வீசுகிறவர் வீட்டு அடுப்பும் ஆற்று மீனும் என்று டே காலத்தில் இருந்த அதே இழுபறி, பனியன் ஊரில் வேறு வேஷத்தில் வந்து நின்றது.

உங்கள் தூண்டிலில் இப்போது அதிகம் மாட்டுவது என்ன மீன்? ஜிலேபி கெண்டை என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வீர்கள். அது ஆப்பிரிக்க மீன். 1952ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். டேயின் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அவர் அதை இங்கே பார்த்ததே இல்லை. எந்தத் தண்ணீரிலும் பிழைத்து, குட்டையெல்லாம் நிறைந்துவிடும். அது பெருகினால், நாட்டுக் கெண்டைகளுக்கு இடம் குறையும்.

எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பவானியில் வந்து சேரும் மோயாறு ஆற்றில், முதுகில் திமில் உள்ள ஒரு பெரிய மகசீர் இன்னும் இருக்கிறது. 50 கிலோவுக்கு மேல் வளரக் கூடியது. டே காலத்திலேயே வெள்ளைக்காரர்கள் தூண்டிலில் பிடித்துப் பெருமை அடித்த மீன்தான். ஆனால் அதன் சரியான அறிவியல் பெயர் எது என்று முடிவானது 2018ல்! இந்திய மீன் ஆராய்ச்சியாளர் ரமாதேவியின் பெயரைத் தாங்கிய, டார் ரமாதேவி என்ற மீன்தான் அது. காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் தவிர வேறு எங்கும் அது இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

மீன் புத்தகங்களில் அறிவியல் பெயருக்குப் பக்கத்தில், பெயர் வைத்தவரின் பெயரையும் ஆண்டையும் போடுவார்கள். பவானியின் அந்தச் சந்தேகக் கெண்டைக்குப் பக்கத்தில் டே, 1867 என்று இருக்கும். கேரளத்துக் காயலில் வாழும் சிறிய மீன் ஒன்றுக்கு, பின்னால் வந்தவர்கள் அவருடைய பெயரையே சேர்த்து டேயெல்லா என்று வைத்தார்கள். அடுத்த முறை பவானிசாகர் பூங்காவுக்குப் போனால், அணையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் மீன் விற்பார்கள். கூடையில் ஜிலேபி தவிர வேறு என்ன மீன் இருக்கிறது, அதற்கு அந்த ஊரில் என்ன பெயர் என்று விற்கும் அக்காவிடம் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். மறக்காமல் அந்த அக்காவின் பெயரையும்!